ஒரு பவுன் என்பது எவ்வளவு தங்கம்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்யாணப் பேச்சு தொடங்கினால் மூன்றாவது கேள்வியாகவாவது "எத்தனை பவுன்?" என்பது வந்துவிடும். பொருத்தம் பார்த்தாயிற்றா, மாப்பிள்ளை என்ன வேலை, அடுத்தது பவுன் கணக்கு. அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். "பதினைந்து பவுன்" என்று சொன்னவுடன் இரு தரப்பும் தலையாட்டி விடும். ஆனால் அந்தப் பதினைந்து பவுனுக்குள் உண்மையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று கேட்பவர் மிகக் குறைவு.

இது என்ன வீண் கேள்வி, ஒரு பவுன் என்றால் எட்டு கிராம், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்று பலரும் சொல்வார்கள். எட்டு கிராம் என்பது சரிதான். எட்டு கிராம் எது என்பதுதான் சிக்கல். தங்கமா? தங்கமும் செம்பும் கலந்ததா? கல்லும் அரக்கும் சேர்ந்ததா? ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பே கழுத்திலும் காதிலும் கிடக்கிற மண்ணில் இந்தக் கேள்வி அலட்சியப்படுத்தக் கூடியது அல்ல. விதைப்புக்குப் பணம் இல்லையென்றால் அடகுக்குப் போவது நகை. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வேண்டுமென்றால் போவதும் நகை. ஐந்து பவுன் என்று நம்பி எடுத்துப் போன நகையை மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்து நான்கு பவுனுக்குத்தான் தேறும் என்று சொல்லும்போது, ஒரு பவுன் திருட்டுப் போனதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பவுன் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி

பவுன், சவரன் இரண்டும் ஆங்கிலேயரின் தங்க நாணயத்தால் வந்த சொற்கள். 1817 முதல் பிரிட்டன் அச்சிட்ட சாவரின் நாணயம் 7.988 கிராம் எடை கொண்டது; 22 காரட் தங்கத்தால் ஆனது. அதாவது அந்த நாணயத்தில் சுத்தத் தங்கம் 7.32 கிராம் இருக்கும். அந்தக் காலத்தில் "பத்துச் சவரன்" என்று ஒருவர் சொன்னால் எடை, தரம் இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிவிட்டதாகப் பொருள். நாணயத்தின் எடையும் தெரியும், மாற்றும் தெரியும்.

இன்று நாணயம் புழக்கத்தில் இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதுவும் வெறும் எடைப் பெயராக. எட்டு கிராம் எது இருந்தாலும் அது ஒரு பவுன். கணக்கைப் பாருங்கள்:

22 காரட் நகை எட்டு கிராமில் சுத்தத் தங்கம் 7.33 கிராம்.
18 காரட் நகை எட்டு கிராமில் 6 கிராம்.
14 காரட் நகை எட்டு கிராமில் ஏறத்தாழ 4.7 கிராம்.
9 காரட் நகை எட்டு கிராமில் வெறும் 3 கிராம்.

நான்கையும் தராசில் வைத்தால் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். நான்குக்கும் "ஒரு பவுன்" என்றுதான் பெயர். 9 காரட் என்பது கற்பனை அல்ல. தங்கம் விலை ஏறிக்கொண்டே போவதால் 2025 ஜூலையில் 9 காரட் நகைகளும் ஹால்மார்க் முத்திரை பெறும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. விலை குறைந்த நகை வேண்டும் என்பவர்களுக்கு அது நல்லதே. ஆனால் பவுன் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிற சமூகத்தில் அதன் விளைவு என்னவாகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மூன்று காரட்டுகள்

அடுத்த குழப்பம் காரட். தமிழில் எழுதும்போது காரட் என்ற சொல் மூன்று பொருள்களுக்கு வருகிறது. ஒன்று பொரியலுக்கு ஆகும். அதை விட்டுவிடலாம். மற்ற இரண்டும் நகைக்கடைக்கு உரியவை.

வைரம், மாணிக்கம், மரகதம் போன்ற கற்களுக்குக் காரட் என்பது எடை. ஒரு காரட் 200 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். "பத்து சென்ட் வைரம்" என்றால் 20 மில்லிகிராம் எடையுள்ள வைரம்.

தங்கத்துக்குக் காரட் என்பது எடையே அல்ல. அது பங்குக் கணக்கு. மொத்தம் 24 பங்கு என்று வைத்துக்கொண்டு அதில் எத்தனை பங்கு தங்கம் என்று சொல்வது. 22 காரட் என்றால் 22 பங்கு தங்கம், 2 பங்கு செம்பு, வெள்ளி போன்றவை. 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.9166 வரும். அதுதான் நகையில் பொறிக்கப்படும் 916. 18 காரட் என்றால் 750. 14 காரட்டுக்கு 585.

ஆங்கிலத்தில், குறிப்பாக அமெரிக்காவில், இரண்டு காரட்டுக்கும் எழுத்துக்கூட்டலை மாற்றி எழுதி ஓரளவு தப்பித்துக்கொள்கிறார்கள். தமிழில் அதற்கும் வழியில்லை. "18 காரட் வைர மோதிரம்" என்று விளம்பரத்தில் வந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? 18 காரட் எடையுள்ள வைரம் என்றால் அது 3.6 கிராம் எடையுள்ள கல். பெரும் செல்வந்தர்கள் வாங்கும் பொருள். விளம்பரம் சொல்வதோ மோதிரத்தின் தங்கத்தில் நான்கில் மூன்று பங்குதான் தங்கம் என்பதை. விலையைக் குறைக்கும் செய்தி ஒன்று, மதிப்பைக் கூட்டும் செய்தி போலக் காதில் விழுகிறது!

இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? எல்லாம் ஒரு விதையால் வந்தது. மத்தியதரைக்கடல் நாடுகளில் வளரும் கரோப் என்ற மரத்தின் விதையைக் கிரேக்கர்கள் கெரேஷன் என்றார்கள். அரபியில் அது கீராத் ஆனது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட சாலிடஸ் என்ற தங்க நாணயம் 24 விதை எடை கொண்டதாகக் கணக்கிடப்பட்டது. 24-க்கு 24-ம் தங்கமாக இருந்தால் சுத்தத் தங்கம். இப்படி விதையின் எடை கல்லுக்கும், அந்த 24 என்ற எண் தங்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

விதை என்றால் ஒரே எடையில் இருக்குமா? கரோப் விதைகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2006இல் பயாலஜி லெட்டர்ஸ் என்ற ஆய்விதழில் வெளியான ஆய்வு அதை எடை போட்டே மறுத்தது. மற்ற மரங்களின் விதைகளைப் போலவே இவையும் ஒன்றுக்கொன்று எடை மாறுபடுகின்றன என்று தெரிந்தது. 20ஆம் நூற்றாண்டு வரை லண்டன் காரட் வேறு, பிற ஊர்க் காரட் வேறு என்றே இருந்தது. லண்டன் காரட் 205 மில்லிகிராமுக்குச் சற்று மேல். 1907இல் எடை, அளவுகளுக்கான அனைத்துலக மாநாடு 200 மில்லிகிராம் மெட்ரிக் காரட்டை ஏற்ற பிறகு, நாடுகள் ஒவ்வொன்றாக அதைப் பின்பற்றின. அமெரிக்கா 1913இலும் பிரிட்டன் 1914இலும் மாறின.

குன்றிமணியும் மஞ்சாடியும்

மேற்கே கரோப் விதை என்றால் இங்கே குன்றிமணியும் மஞ்சாடியும். "வீட்டில் ஒரு குண்டுமணி தங்கம் கூட இல்லை" என்று இன்றும் சொல்கிறார்களே, அது வெறும் பேச்சு வழக்கு அல்ல. ஒரு காலத்து எடைக் கணக்கு. சிவப்பும் கறுப்புமான குன்றிமணி ஏறத்தாழ 0.12 கிராம் இருக்கும். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஒரு கழஞ்சு என்பது ஐந்து கிராமுக்குச் சற்று கூடக் குறைய இருக்கும். தென்னிந்தியாவுக்கு வந்த ஐரோப்பிய வைர வியாபாரிகள் கோல்கொண்டா பக்கத்தில் வைரத்தை "மாங்கெலின்" என்ற அளவில் எடை போட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லும் மஞ்சாடியின் உறவுக்காரர்தான்.

புதுக்கோட்டை நகரை அடுத்த பொற்பனைக்கோட்டையில் 2023இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது ஒரு சிறிய தங்க மூக்குத்தி கிடைத்தது. ஆறு இதழ் கொண்ட அதன் எடை 0.26 கிராம். அதே அகழாய்வில் கார்னீலியன் கல்மணி ஒன்றும் கிடைத்தது. 0.26 கிராம் என்பது ஏறத்தாழ ஒரு மஞ்சாடி! அதைச் செய்த பத்தர் மஞ்சாடி வைத்துத்தான் நிறுத்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அவ்வளவு சிறிய பொருள்களைச் செய்தும் அணிந்தும் வந்த மக்களுக்கு அவ்வளவு சிறிய எடைக்கல் தேவைப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

இதே மாவட்டத்தில் இன்னொரு சான்றும் உண்டு. 1898இல் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்க நாணயங்கள் கொண்ட புதையல் கிடைத்தது. அப்போது அது புதுக்கோட்டை சமஸ்தானம். நாணயவியல் உலகில் இன்றும் "புதுக்கோட்டைப் புதையல்" என்றே அது பேசப்படுகிறது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் மீது, சரியாகப் பேரரசரின் முகத்தின் மேல், உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது.

ஏன் வெட்டினார்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. தேய்ந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்க வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். உள்ளே செம்பு வைத்து மேலே பொன் பூசிய போலியா என்று பார்க்க வெட்டினார்கள் என்பது இன்னொரு விளக்கம். எது சரியானாலும் ஒன்று தெளிவு. ரோமாபுரிப் பேரரசரின் முகம் இருக்கிறது என்பதற்காக இங்கே யாரும் அந்தக் காசை அப்படியே நம்பிவிடவில்லை. அது வெறும் தங்கம். எடை எவ்வளவு, மாற்று எவ்வளவு என்பதே பேச்சு. நம்பாததிலும் நியாயம் இருந்தது. கி.பி. 64இல் நீரோ தங்கக் காசின் எடையைக் குறைத்தார். பழைய காசும் புதிய காசும் பெயரளவில் ஒன்றே, எடையில் வேறு. பவுன் என்ற பெயரை மட்டும் நம்பி ஏமாறும் இன்றைய மக்களைவிட அந்தப் பழைய புதுக்கோட்டைக்காரர்கள் விவரமானவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

மாற்று என்ற நல்ல சொல்

தங்கத்தின் தரத்துக்குத் தமிழில் சொல் இல்லாமலா காரட்டைக் கடன் வாங்கினோம்? இல்லை. "மாற்று" என்ற அருமையான சொல் இருக்கிறது. நல்ல மனிதரைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் சொல்கிறோம். உரைகல்லில் தேய்த்து, தரம் தெரிந்த ஆணியையும் பக்கத்தில் தேய்த்து, இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பிட்டு மாற்றுக் காண்பது பத்தர்களின் கலை. தாய்லாந்தின் தென்பகுதியில் கிளாங் தொம் என்ற இடத்தில் கிடைத்த ஒரு சிறிய உரைகல்லில் "பெரும்பதன் கல்" என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பத்தன் என்ற பொற்கொல்லரின் கல் என்று அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து பிழைக்கப் போன ஒரு தமிழ்ப் பத்தர் தன்னோடு எடுத்துப் போனது உரைகல்!

சோழர் காலக் கல்வெட்டுகளில் பொன்னைக் கொடுத்தவர்கள் எந்தக் கல்லால் நிறுத்தது, எந்தத் தரத்துப் பொன் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். "ஊர்க்கற்செம்மை" என்ற தொடர் அதில் வருகிறது. ஊருக்குப் பொதுவான கல்லின்படி தரம் சரியானது என்று பொருள். உத்திரமேரூர் சபையில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் போலப் பொன் வாரியமும் இருந்தது. தரம் பார்ப்பது விற்பவரின் சொந்த விஷயம் அல்ல, ஊரின் பொறுப்பு என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தால் இன்றைய நகைக்கடை ரசீதே வெட்கப்படும். பொன்னை நிறுக்க "ஆடவல்லான்" என்ற கல், ரத்தினங்கள் பதித்த நகைகளை நிறுக்க "தக்ஷிணமேரு விடங்கன்" என்ற கல் என்று இரண்டு தனித்தனி எடைக்கற்கள். ஒரு நகையில் பொன் எத்தனை கழஞ்சு, வைரம் எத்தனை, முத்து எத்தனை, முத்தில் வட்டம் எத்தனை, அனுவட்டம் எத்தனை, குறுமுத்து எத்தனை என்று வகை வகையாகப் பிரித்து, சரடு, சட்டம், அரக்கு ஆகியவையும் சேர்ந்து மொத்த நிறை இவ்வளவு என்று சுவரில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளாக யார் வேண்டுமானாலும் படித்துச் சரிபார்க்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட தங்க அடமானக் கடன் விதிகளும் இதையேதான் கேட்கின்றன. அடகு வைப்பவர் முன்னிலையிலேயே மதிப்பீடு செய்ய வேண்டும். தங்கத்தின் தரம், மொத்த எடை, நிகர எடை, கல், அரக்கு, கயிறு போன்றவற்றுக்காகக் கழித்த எடை ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். அரக்கையும் சரடையும் தனியாகச் சொல்ல வேண்டும் என்ற அறிவு 11ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. இடையில் எங்கேயோ தொலைந்தது.

கல் எடை என்ற ஓட்டை

அடகுக்கடையில் கழிக்கும் கல் எடையை விற்கும்போது எல்லோரும் கழிக்கிறார்களா? கல் வைத்த ஆரம் ஒன்று மொத்தம் 24 கிராம், மூன்று பவுன் என்று வைத்துக்கொள்வோம். அதில் பதித்த கற்கள் பத்து காரட். பத்து காரட் என்றால் ஏதோ பெரிய எண் போலத் தெரிகிறது. கிராமில் அது இரண்டுதான். அந்த இரண்டு கிராமையும் தங்கத்தோடு சேர்த்து எடை போட்டால், கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டாலும், சில நூறு ரூபாய் பெறாத கண்ணாடிக் கல்லுக்கு 20,000 ரூபாய் கொடுத்ததாக ஆகும். அந்தத் தொகைக்குச் சேதாரமும் வரியும் தனி.

அதே ஆரம் 22 காரட்டுக்குப் பதில் 18 காரட்டாக இருந்துவிட்டால்? மூன்று பவுன் என்று நம்பியதில் இருக்க வேண்டிய சுத்தத் தங்கம் 22 கிராம். இருப்பது 16.5 கிராம். குறைவது ஐந்தரை கிராம் சுத்தத் தங்கம். 22 காரட் கணக்கில் முக்கால் பவுன். பெண்ணைப் பெற்றவர் ஒரு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்க்கும் தொகை இது.

கே.டி.எம். என்ற மூன்றெழுத்தும் இப்படி மக்களைப் பாடாய்ப் படுத்தியது. கே.டி.எம். நகை என்றால் உயர்ந்த தரம் என்று ஒரு தலைமுறையே நம்பியது. உண்மையில் அது தரத்தின் பெயரே அல்ல. காட்மியம் கலந்த பற்றவைப்பு என்பதன் சுருக்கம். பழைய முறையில் செம்பும் வெள்ளியும் கலந்த பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். அந்தப் பொடி நகையிலேயே தங்கிவிடுவதால் உருக்கும்போது மாற்று குறையும். காட்மியம் சூட்டில் ஆவியாகப் போய்விடுவதால் மாற்று அதிகம் குறையாது. ஆனால் அந்த ஆவி பட்டறையில் வேலை செய்பவரின் நுரையீரலுக்கு நஞ்சு. அதனால்தான் ஹால்மார்க் நகைகளில் காட்மியத்துக்கு இடமில்லை. பொடி வைத்துப் பேசுவது என்ற வழக்கு பத்தர் பட்டறையில் பிறந்தது என்பார்கள். கே.டி.எம். விளம்பரங்கள் செய்ததும் அதைத்தான்.

சட்டம் வந்த வழி

தரத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அரசு இறங்கிய எல்லா நேரத்திலும் நன்மை விளையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு 14 காரட்டுக்கு மேல் நகை செய்யவே தடை விதித்தது. 22 காரட்டுக்குப் பழகிய மக்கள் 14 காரட்டைச் சீண்டவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர்கள் வேலையிழந்தார்கள். தற்கொலைகளும் நடந்தன. 14 காரட் தடை 1966இல் விலக்கப்பட்டது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே 1990இல் ரத்தானது. எந்த மாற்றுத் தங்கம் அணிய வேண்டும் என்று மக்களுக்குக் கட்டளையிட்ட சட்டம் தோற்றது.

ஹால்மார்க் வேறு வழியில் வந்தது. பட்டியலில் உள்ள மாற்றுகளில் எதை வேண்டுமானாலும் விற்றுக்கொள், ஆனால் அது என்ன மாற்று என்று உண்மையைப் பொறித்து விற்றுவிடு என்கிறது. 2000இல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் விருப்பத் திட்டமாகத் தொடங்கியது. 2021 ஜூன் 23 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாகி, 2023 செப்டம்பரில் 343 மாவட்டங்களுக்கு விரிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாள எண் இல்லாத புதிய நகையைக் கடைகள் ஹால்மார்க் நகை என்று விற்க முடியாது. அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். பொறித்த மாற்றைவிடக் குறைவாக இருந்தால், குறைந்த அளவுக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் பரிசோதனைச் செலவும் வாங்கியவருக்குக் கிடைக்க விதியில் இடமிருக்கிறது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதே என்று கேட்கலாம். பாதி தீர்ந்தது. முத்திரை மாற்றைச் சொல்கிறது. எடை அதில் பொறிக்கப்படுவதில்லை. கல் எடை, நிகர எடை எல்லாம் ரசீதில்தான் இருக்க வேண்டும். ஹால்மார்க் நகையின் ரசீதில் நிகர எடையும் தரமும் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் ரசீதை வாங்கி, படித்து, பத்திரப்படுத்தும் பழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? வரி மிச்சம் என்று வெள்ளைத் தாளில் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், தங்கள் கையிலிருக்கும் ஒரே ஆயுதத்தையும் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

இன்னொரு வாதமும் உண்டு. "எங்கள் பத்தர் மூன்று தலைமுறையாகச் செய்து தருகிறார், அவரிடம் போய் முத்திரை கேட்பதா?" என்பார்கள். தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று பொற்கொல்லர்களைப் பழித்த ஊர்தான் இது. அந்தப் பழமொழி ஒரு தொழில் செய்யும் மக்கள் அனைவரையும் திருடர்களாக்கியது. நேர்மையான பத்தருக்கு அந்தப் பழியிலிருந்து விடுதலை தருவதே அளவும் முத்திரையும்தான். ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயத்திலிருந்து விலக்கு இருக்கிறது. விலக்கு இருந்தாலும், செய்த நகையின் நிகர எடையையும் மாற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது சிறு பட்டறைக்கும் முடியாத காரியம் அல்ல. பெரிய கடைகளோடு போட்டி போட முடியாமல் தவிக்கும் உள்ளூர்ப் பத்தருக்கு அதுவே நல்ல விளம்பரமாகவும் அமையும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, தமிழில் பேசும்போதும் எழுதும்போதும் தங்கத்தின் தரத்துக்கு மாற்று என்ற சொல்லையே பயன்படுத்தலாம். பழைய பத்தரை மாற்றுக் கணக்கைத் திரும்பக் கொண்டுவரத் தேவையில்லை. முத்திரையில் உள்ள எண்ணையே வைத்து "916 மாற்று", "750 மாற்று" என்று சொன்னால் போதும். ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்பது நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். 24இல் 18 என்பதைவிட ஆயிரத்தில் 750 என்பது எவ்வளவு எளிது! காரட் என்ற சொல்லைக் கற்களுக்கு விட்டுவிடலாம். உலகம் முழுவதும் காரட் என்கிறதே, மாற்று என்றால் வெளியூரில் புரியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: முத்திரையில் 22 என்ற எண்ணும் 916 என்ற எண்ணும் இரண்டுமே இருக்கின்றன. உலகத்துக்கு அது போதும். வீட்டில் பேசுவதற்குத்தான் மாற்று.

இரண்டாவது, பவுன் என்று சொல்லும்போது மாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "பத்துப் பவுன்" என்பது பாதிச் செய்தி. "916 மாற்றில், கல் நீக்கி, பத்துப் பவுன்" என்பதே முழுச் செய்தி. கல்யாணப் பேச்சில் பவுன் கணக்கே இல்லாமல் போவது அதைவிட நல்லது. அந்த நாள் வரும்வரை கணக்காவது நேர்மையாக இருக்கட்டும்.

மூன்றாவது, ரசீதில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை, மாற்று, சேதாரம், செய்கூலி ஆறும் தனித்தனி வரியில் தமிழில் வர வேண்டும். கல் எடையைக் காரட்டிலும் கிராமிலும் எழுத வேண்டும். ஐந்து காரட் ஒரு கிராம் என்பதை வாங்குபவர் மனக்கணக்காகப் போட வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

நான்காவது, இந்தக் கணக்கைப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும். விழுக்காடு கணக்குக்குக் கற்பனை உதாரணங்கள் எத்தனையோ பாடநூலில் வருகின்றன. ஒவ்வொரு வீட்டிலும் அம்மாவின் கழுத்தில் ஒரு விழுக்காட்டுக் கணக்கு தொங்குகிறது. அதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

கருக்காக்குறிச்சிக் காசில் உளி வைத்தவர்களுக்குப் பேரரசரின் முகம் போதவில்லை. கீழ ராஜ வீதியில் நகை வாங்குகிறவருக்கும் கடையின் பெயர்ப்பலகை போதுமானதாக இருக்கக் கூடாது. இன்று உளி தேவையில்லை. "கல் நீக்கி எவ்வளவு? மாற்று எவ்வளவு? ரசீதில் எழுதிக் கொடுங்கள்" என்ற மூன்று வாக்கியங்கள் போதும். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. கொடுப்பது அவரவர் உழைத்துச் சேர்த்த பணம்.